எந்த அலுமாரியிலும் சேராத ஒரு இசைத்தட்டு

பொண்டியில் இப்போது பிற்பகல் மூன்று மணி. ரொறொன்ரோவில் இருப்பவர்கள் காலைத் தேநீரோடும், சிட்னியில் இருப்பவர்கள் நித்திரையைக் குழப்பிக்கொண்டும் இணைந்திருக்கிறீர்கள். நன்றி. பொண்டி என்றதும் பலருக்கு எம்பாப்பேயின் ஞாபகம்தான் வரும். ஆனால் நான் பேசப்போவது உதைபந்தாட்டத்தைப் பற்றி அல்ல. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவர் 1979இல் வெளியிட்ட ஒரு றொக் இசைத்தட்டைப் பற்றி. அதன் பெயர் 'டச் மீ தெயர்'. செய்தவர் எல். சங்கர்.

இசைத்தட்டு என் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் சின்ன வயதில் சனிக்கிழமைகளில் லாச்சப்பல் பக்கம் கர்நாடக வயலின் வகுப்புக்குப் போனாள். பொண்டியிலிருந்து றெயினில் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை தேநீர்க்கடையில் காத்திருப்பேன். பதினைந்து வயதில், அது 2009, பள்ளி நண்பர்களோடு ஒரு இசைக்குழு தொடங்கினாள். வயலினில் ஒரு மைக்கை ஒட்டி, கிற்றார் அம்ப்பில் செருகி வாசித்தாள். வீடே அதிர்ந்தது. "இது எங்கட இசை இல்லை. இதுக்கே நான் உன்னை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனனான்?" என்று ஏசினேன். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டையும் விட்டுவிட்டாள்.

சில வருடங்களுக்குப் பிறகு, பழைய சாமான் சந்தை ஒன்றில் எல். சங்கர் என்ற பெயரோடு ஒரு தட்டைக் கண்டேன். கச்சேரித் தட்டு என்று நினைத்துத்தான் வாங்கினேன். வீட்டில் போட்டால் ட்றம்ஸ், பேஸ், ஆங்கிலப் பாட்டு, நடுவில் ஒரு வயலின். என் மகள் அம்ப்பில் செருகி வாசித்த அதே மாதிரியான சத்தம்.

யார் இந்தச் சங்கர்? 1950இல் சென்னையில் பிறந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியர். தாய் சீதாலட்சுமியும் பாடகி. அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகிய பெயர்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பிள்ளைகள் வயலின் பழகியது தகப்பனிடம். ஏழு வயதில் இலங்கையில் ஒரு கோயிலில் சங்கர் முதற்கச்சேரி செய்தார். அடுத்த வருடம் 1958. இனக்கலவரம் வந்தது. குடும்பம் எல்லாவற்றையும் விட்டு இந்தியாவுக்குப் போனது. எங்களில் பலர் 1983இல் செய்ததை அவர்கள் இருபத்தைந்து வருடம் முந்திச் செய்துவிட்டார்கள்.

1969இல் சங்கர் அமெரிக்கா போனார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேதான் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லோக்லினைச் சந்தித்தார். 1975இல் சாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் 'சக்தி' குழு மேடையேறியது. சக்தியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1978இல் அந்தக் குழு கலைந்த பிறகு நடந்ததுதான் எழுதப்படாதது.

அந்த வருடம் ஒக்டோபரில் நியூயோர்க் பலேடியம் அரங்கில், பிராங் சப்பாவின் றொக் குழுவோடு சங்கர் வாசித்தார். அங்கே வாசித்த ஒன்றுக்கு 'தேர்ட்டீன்' என்று பெயர். பதின்மூன்று அட்சரத்தில் சுற்றிவரும் தாளம். எங்கள் தாளக் கணக்கு ஹலோவீன் கூட்டத்துக்கு நடுவே ஏறிய நாள் அது. அந்தப் பதிவு 1992இல்தான் வெளிவந்தது. அந்த நட்பில் சப்பா தயாரித்ததே 'டச் மீ தெயர்'. சைமன் பிலிப்ஸ் ட்றம்ஸ், பில் பாமர் கிற்றார். முதற்பாட்டு 'டெட் கேர்ள்ஸ் ஒஃப் லண்டன்'. அதை முதலில் பாடியவர் வன் மொறிசன். ஒப்பந்தச் சிக்கலால் அவருடைய குரலை வெளியிட முடியவில்லை. பிறகு ஐக் வில்லிசும் சப்பாவும் பாடினார்கள். சப்பா தன் பெயரைப் போடாமல் 'ஸ்ரக்கோ ஹோம்ஸ்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்.

இதிலே என்ன புதுமை? அறுபதுகளின் சைக்கடெலிக் றொக்கை நினைத்துப் பாருங்கள். 1965இல் பீட்டில்ஸ் சித்தாரை எடுத்தார்கள். அதன்பின் இந்திய வாத்தியம் என்றால் ஊதுபத்தி வாசம் மாதிரி ஒரு மயக்கம், பின்னணியில் ஒரு நிறம். பாட்டு அவர்களுடையது, நிறம் எங்களுடையது. சங்கர் இதைத் தலைகீழாக்கினார். றொக் குழு பின்னணி, தமிழ் வயலின் முன்னணி. கிற்றார்காரர் தந்தியை இழுத்து வளைப்பது ஏன் எங்கள் காதுக்குப் பிடிக்கிறது? அது கமகத்துக்குப் பக்கத்துச் சொந்தம். எங்கள் வித்துவான் நிலத்தில் இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்கிறார். அதனால் இடக்கை தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடும். அந்தக் கையை மின்சாரத்தோடு சேர்த்தால் என்ன வரும் என்பதே இந்தத் தட்டு.

ஏன் கவனிக்கப்படவில்லை? குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சப்பாவின் நையாண்டி வரிகள் இன்று கேட்கப் பழசாகத் தெரிகின்றன, சில இடங்களில் முகம் சுளிக்கவும் வைக்கின்றன. வயலின் சொல்வதும் வரிகள் சொல்வதும் வேறு வேறு. அடுத்தது, வெளியிட்ட நிறுவனம். வார்னரோடு சண்டை பிடித்துப் பிரிந்த சப்பா தொடங்கிய சொந்த லேபிள் அது. 1981இல் அவர் வேறு பெயரில் வேறொன்றைத் தொடங்கிவிட்டார். மூன்றாவது, பெயர். சங்கர் என்றால் உலகம் சித்தார் ரவிசங்கரைத்தான் நினைத்தது. இவரோ எல். சங்கர், வெறும் சங்கர், பிறகு ஷெங்கர் என்று மாறிக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்காரருக்கு இதை எந்த அலுமாரியில் வைப்பதென்று தெரியவில்லை. றொக் அலுமாரியில் இந்தியப் பெயர், இந்திய அலுமாரியில் ட்றம்ஸ்.

அவர் சோரவில்லை. 1980இல் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினோடு வந்தார். வயலின் முதல் டபிள் பேஸ் வரையான சுரங்கள் ஒரே வாத்தியத்தில். அதே இரட்டை வயலினில், உமையாள்புரம் சிவராமனோடு சுத்தமான ராகம் தானம் பல்லவித் தட்டும் செய்தார். 1986இல் கரோலின் என்ற கலைஞரோடு 'தி எபிடெமிக்ஸ்' என்ற றொக் குழு. அதில் கிற்றார் ஸ்ரீவ் வாய், பேஸ் பேர்சி ஜோன்ஸ். வெளியிட்டது ஜெர்மனியின் ஈ.சி.எம். அமைதியான ஜாஸுக்குப் பெயர்போன நிறுவனத்தில் சிந்தசைசரும் ட்றம் மெஷினும்! அதுவும் அலுமாரி தேடித் தொலைந்தது. 'த லாஸ்ற் டெம்ப்டேஷன் ஒஃப் கிறைஸ்ட்' படத்துக்குப் பீற்றர் கேப்ரியல் செய்த இசையில் அந்த இரட்டை வயலினை நீங்கள் கேட்டிருக்கலாம். வாசித்தது யாரென்று தெரியாமலே கேட்டிருப்பீர்கள்.

இனி "எங்கட இசை" என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வயலின் எங்கே இருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்பு சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் படித்து வந்தது. வெள்ளைக்காரனின் வாத்தியம். அன்று அவரை ஒரு தகப்பன் ஏசி நிறுத்தியிருந்தால், நான் லாச்சப்பலில் தேநீர் குடித்துக் காத்திருந்திருக்க மாட்டேன்.

மகளுக்கு இந்தத் தட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டு பக்கமும் பேசாமல் கேட்டாள். "1979ஓ? அப்ப நான் செய்தது புதுசே இல்லை அப்பா" என்றாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் இசை வரலாற்றை எழுதும்போது கச்சேரி, நாடகப் பாட்டு, பொப் பாடல், எழுச்சிப் பாடல் என்று பிரிக்கிறோம். அந்தப் பிரிவுகளும் அலுமாரிகள்தான். சங்கரைப் போட அதில் இடமில்லை, அதனால் அவரை நாங்கள் எழுதவே இல்லை. இங்கே இணைந்திருக்கும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்தில் லட்சுமிநாராயணாவிடம் வயலின் படித்தவர்கள், அந்த வீட்டுப் பக்கம் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ஞாபகங்களை எழுதி வையுங்கள். கையெழுத்தில் ஒரு பக்கம் என்றாலும் போதும். அந்த ஞாபகங்கள் உள்ளவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். கேள்விகளுக்குப் போவோம்.