செம்புக்கு வெள்ளி விலை

தில்லியை 1325 முதல் 1351 வரை ஆண்ட சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கைப் பித்தர் என்று பள்ளிப் பிள்ளைகளும் நகைப்பர். அது நியாயமன்று. தர்க்கமும் தத்துவமும் கற்றவர். தொழுகையில் கண்டிப்பு மிக்கவர். அறியாமை அவரைக் கெடுக்கவில்லை. குடிகளின் சந்தையும் அயலார் நாடும் தம் ஆணைக்கு அடங்கும் என்ற எண்ணமே கெடுத்தது.

குராசானை வெல்ல 3,70,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, ஓராண்டு ஊதியமும் அளித்தார் என எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ளியாவுத்தீன் பரனீ. அப்படை புறப்படவே இல்லை. இமயச் சாரலிலுள்ள கராச்சிலுக்குச் சென்ற படையோ மலைகளிடையே மடிந்தது. மீண்டோர் பத்துப் பேர் என்கிறார் பரனீ. மூவர் என்கிறார் இப்னு பதூதா. எந்தக் கணக்காயினும் துயரம் ஒன்றே.

உலகை வெல்லும் ஆசைக்குப் பொருள் வேண்டும். 1330ஐ ஒட்டிச் செம்பிலும் பித்தளையிலும் காசு அடித்து, வெள்ளித் தங்காவின் மதிப்பில் அதனை ஏற்குமாறு ஆணையிட்டார். சுல்தானுக்குக் கீழ்ப்படிந்தவர் அர்ரஹ்மானுக்கே கீழ்ப்படிந்தவர் என்னும் கருத்து அக்காசுகளிலேயே பொறிக்கப்பட்டது! மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை வரையறுத்துத் தருமாறு மக்கள் வேண்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. எவருடைய உயிருக்கும் பொருளுக்கும் அநீதி இழைக்காத நிலையில் இறைவனைச் சந்திக்கவே விரும்பினார்கள். சுல்தானோ செம்புக்கு வெள்ளியின் விலையை விதித்தார்.

மக்கள் வெள்ளியைப் பதுக்கிக்கொண்டு வரியைச் செம்பில் செலுத்தினர். வீடுதோறும் கள்ளக் காசு வார்க்கப்பட்டது. தொலைதூர நாடுகளில் அது வெறும் செம்பாகவே மதிக்கப்பட்டது. இறுதியில் சுல்தான் ஆணையைத் திரும்பப் பெற்று, செப்புக் காசுக்கு ஈடாகப் பொன்னும் வெள்ளியும் வழங்கினார். வாக்கைக் காத்த அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் கருவூலம் கரைந்தது. துக்ளகாபாத்தில் செப்புக் காசுகள் மலையெனக் குவிந்தன.

துனிசில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், இந்தச் சுல்தானைப் பற்றி இப்னு பதூதா கூறிய செய்திகளை முதலில் நம்பவில்லையாம். முகத்திமாவில் அவரே ஒப்புக்கொள்கிறார். அதே நூலில், அரசன் வணிகத்தில் புகுந்தால் வணிகர் ஊக்கம் இழப்பர், வரி வருவாயும் குன்றும் என்று விளக்குகிறார்.

மதுரையில் தில்லியின் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, 1330களின் நடுவில் தம் பெயரிலேயே காசு அடித்தார். (இவர் மகளைத்தான் இப்னு பதூதா மணந்தார்.) தண்டிக்கப் புறப்பட்ட சுல்தானின் படையை வாரங்கல்லில் கொள்ளைநோய் மறித்தது. மஅபர் மீண்டும் துக்ளக்கின் கைக்கு வரவேயில்லை.