பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா

இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளரில் பலர் மலையைக் கண்ணால் காணாமலே இறந்தார்கள். 1830-களில் கண்டிச் சீமையில் தோட்டங்கள் பெருகத் தொடங்கியதும் ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். தோணியில் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கியவர்களுக்கு முன்னால் சுமார் 150 மைல் நடை இருந்தது. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, பிறகு மாத்தளை. நடுவில் வறண்ட காடு, இடையிடையே குளங்கள். குடிக்கவும் கால் கழுவவும் அதே குளத்துத் தண்ணீர்தான். ஒரு கூட்டத்தில் காலரா வந்தால் அடுத்து வரும் கூட்டத்துக்கும் அது காத்திருந்தது. விழுந்தவரோடு நின்றால் மற்றவர்களின் கட்டுச்சோறு தீர்ந்துவிடும் என்பதால் கூட்டம் நிற்பதில்லை. 1841-க்குப் பிறகான எட்டே ஆண்டுகளில் 70,000 பேர் மாண்டதாகக் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று 1849-ல் எழுதியது. அந்த எண் மிகை என்று வாதிடுவோரும் வழியோரச் சாவுகளை மறுப்பதில்லை.

கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பி வயல் வேலை பார்க்கலாம். 1869-ல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867-ல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலை வருஷம் முழுக்கத் துளிர்க்கும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும், பெண்கள் வந்தால் குழந்தைகளும் வருவார்கள். வந்து போகும் ஆண்களுக்காகக் கட்டிய கொட்டடிகளில் குடும்பங்கள் நிரந்தரமாகக் குடியேறின. அந்தக் கொட்டடிதான் லயம்.

லயத்தின் ஓர் அறையை மலையகத்தில் காம்பரா என்பார்கள். வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கிய தாழ்வாரம். இரட்டை லயத்தில் இரு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பின்சுவரில் ஜன்னலுக்கு இடமே இல்லை. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும், ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் அடுப்பு மூட்டியாக வேண்டும். மழையில் நனைந்து அடுப்புக்கு மேலே உலரப்போட்ட விறகு புகைந்துகொண்டே எரியும். அந்தப் புகைக்குள் ஏணையில் பிள்ளை தூங்கும். நெஞ்சுச் சளியும் இருமலும் மலைக்குளிரின் கோளாறு என்று தோட்டத்துப் பதிவுகளில் எழுதப்பட்டன. அதே குளிரில் பங்களாவில் இருந்த துரைக்கு, அதாவது தோட்டத்தை நிர்வகித்தவருக்கு, கணப்பும் புகைபோக்கியும் இருந்தன.

கொக்கிப்புழுவின் கதை இதைவிடத் தெளிவானது. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை, ஈரமும் நிழலும் கிடைத்தால் சில நாட்களில் புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இரத்தத்தோடு பயணம் செய்து கடைசியில் குடலில் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. லயங்களுக்குக் கக்கூஸ் கிடையாது, தேயிலைச் செடியின் மறைவுதான் ஒதுங்குமிடம். அதே செடிகளுக்கு நடுவில் மறுநாள் வெறுங்காலோடு கொழுந்தெடுக்க வேண்டும். முகம் வெளுத்து, கால் வீங்கி, ஏற்றத்தில் நாலடி வைப்பதற்குள் மூச்சு வாங்கும் பெண் கூடையை நிரப்ப முடியாது. அவளுக்கு அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் கூலி. கூலி குறைந்தால் சோறு குறையும், சோறு குறைந்தால் சோகை கூடும். கணக்குப் புத்தகத்தில் இதற்குச் சோம்பல் என்று பெயர்.

1916-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. காரமான வாடையுள்ள ஒரு மூலிகை எண்ணெய்தான் மருந்து. அதைக் குடித்தவர்களின் வயிற்றிலிருந்து புழு வெளியேறியது, ஆனால் சில மாதங்களில் திரும்பவும் வந்தது. கக்கூஸ் கட்டினால்தான் மருந்து நிற்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தச் செலவு தோட்டத்துரைகளுக்குக் கசந்தது; கட்டிக்கொடுத்தாலும் கூலிகள் பழக மாட்டார்கள் என்று பதில் வந்தது. மருந்து மலிவு, கட்டடம் அப்படியல்ல என்பதுதான் அந்த வாதத்தின் உள்ளடக்கம்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1872-லேயே தோட்டங்களின் மருத்துவத் தேவைக்கென ஒரு சட்டம் வந்தது. 1912-ல் வந்தவை இன்னும் விரிவானவை: லயத்தின் சுத்தமும் நோயாளியின் பராமரிப்பும் துரையின் பொறுப்பாயின, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத ஓய்வும் உணவும் விதிக்கப்பட்டன. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் தோட்டத்தின் கைக்குள்ளேயே இருந்தது. டிஸ்பென்சரியும் தோட்டத்துடையது, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவும் தோட்டத்துடையது. அரிசியைத் தோட்டமே கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டது. தோட்டத்தின் ஆள்பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான் இவையெல்லாம். பிடிக்காத தோட்டத்தை விட்டுப் போகவும் எளிதில் முடியாது. கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய துண்டு கூடவே வந்தது, அதைத் தீர்க்கும் தோட்டம்தான் ஆளை எடுக்கும். 1921-ல்தான் துண்டு முறை ஒழிந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு தீவின் மற்றப் பகுதிகளில் ஆயுள் வேகமாக உயர்ந்தது. இலவச மருத்துவமும் ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடமும் கிராமங்களுக்குப் போயின. தோட்டத்தின் ஆரோக்கியம் தோட்ட முதலாளியிடமே விடப்பட்டது. 1948 குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது; அவர்களுக்காகக் கேட்க வேண்டிய வாக்கையும் 1949-ன் தேர்தல் சட்டத் திருத்தம் பறித்தது. 1964-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வர, தம்பி இலங்கையில் நின்றான். இந்தியா போகும் பட்டியலில் பேர் எப்போது வரும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் பிள்ளைக்குக் கல்யாணமும் பேச முடியாமல், கோடிப்புறத்தில் ஒரு முருங்கையும் நட மனமில்லாமல் நாளைக் கழித்தார்கள். கப்பல் ஏறும் தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. மனத்தில் விழுந்த இந்தச் சுமைக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்தும் இல்லை, பதிவேட்டில் இடமும் இல்லை. கசிப்பு என்கிற கள்ளச்சாராயமும் கடைச்சாராயமும் மட்டும் தாராளமாகக் கிடைத்தன.

1973-74 பஞ்சம் இந்த வரலாற்றின் மிகக் கொடிய பாடம். உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது. அரசு ரேஷன் அரிசியையும் மாவையும் குறைத்தது. கிராமத்தானுக்கு வீட்டுப் பின்னால் மரவள்ளியும் ஒரு பலாமரமும் இருந்தன. தோட்டத் தொழிலாளியின் காலடியில் இருந்ததெல்லாம் தேயிலை, அதைத் தின்ன முடியாது. அதே காலத்தில் அரசு கொண்டுவந்த காணிச் சீர்திருத்தத்தில் கைமாறிய சில தோட்டங்களில் வேலை போனவர்களுக்குக் காம்பராவும் கூடவே போயிற்று. கண்டி, அட்டன் தெருக்களில் குடும்பங்கள் கையேந்தின. 1974-ல் தோட்டங்களின் சாவு விகிதம் செங்குத்தாக ஏறியது. நாட்டின் மொத்த விகிதத்தில் ஏற்றம் சிறிதாகவே இருந்தது. பசி எல்லாருக்கும் வந்தது. ஒதுங்க ஒரு துண்டு மண் இல்லாதவர்களிடம் அது சாவாக மாறியது.

தோட்டங்கள் 1975-க்குள் அரசுடைமையாகி, 1992-ல் மீண்டும் தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி 1984-ல் வந்தது, குடியுரிமைச் சிக்கல் 2003-ல் தீர்ந்தது. சிசு மரணம் வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகளின் உயரம் மட்டும் பழைய கணக்கைச் சுமந்து நிற்கிறது: 2016-ன் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த மலைப்பகுதி குடியிருக்கத் தக்கதல்ல என்ற எச்சரிக்கை 2005-லேயே வந்திருந்தது. மண்சரிவுக்குப் பிறகு ஏழு பேர்ச் அளவுள்ள காணியில் தனி வீடு தரும் திட்டம் தொடங்கியது. பல பத்தாயிரம் குடும்பங்கள் இன்றும் லயத்தில்தான். கல்யாணமான மகனுக்காக இஸ்தோப்பைத் தகரம் வைத்து அடைத்த காம்பராக்களில் அடுப்பு இன்னும் உள்ளேயே எரிகிறது.