பன்னிரண்டு மணிக்கு ராஜா வருவார்

நியூரம்பர்க்கில் முதல் நாள். எங்கே ஆரம்பிக்கலாம்? சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிப்போம். சைவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவிவிடலாம்.

இந்த பவேரிய ஊரின் அடையாளம் பன்றி இறைச்சி சாஸேஜ். விரல் நீளம்தான் இருக்கும். கரி அடுப்பில் சுட்டு, மூன்றை ஒரு பன்னுக்குள் செருகிக் கையில் கொடுப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எண்ணிக்கை சொல்லி ஆர்டர் செய்யவேண்டும். தொட்டுக்கொள்ளப் புளித்த முட்டைக்கோஸ். இதில் என்ன கறி போடலாம் என்று 1313-லேயே நகர சபை சட்டம் போட்டிருக்கிறது. 2003-ல் ஐரோப்பிய யூனியன், ‘நியூரம்பர்க் ஊருக்குள் செய்தால்தான் இந்தப் பெயரை வைக்கலாம்’ என்று முத்திரை குத்திவிட்டது. நம் ஊர் புவிசார் குறியீடு மாதிரி.

வயிறு நிறைந்ததா? அப்படியே பெரிய சந்தைச் சதுக்கத்துக்கு நடங்கள். அங்கே ஒரு தங்க நிற நீரூற்றுக் கோபுரம். அதன் கிராதியில் இருக்கும் வளையத்தைச் சுற்றினால் அதிர்ஷ்டமாம். எதிரே மாதா கோயில். சரியாகப் பகல் 12 மணிக்குக் கூட்டம் அண்ணாந்து பார்க்கும். கோயில் முகப்புக் கடிகாரத்தில் நான்காம் சார்லஸ் உட்கார்ந்திருப்பார். ஏழு குறுநில மன்னர்கள் வரிசையாக வந்து அவரைச் சுற்றிக் கும்பிடு போடுவார்கள். ‘ராஜாவை இந்த ஏழு பேர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்’ என்று 1356-ல் சார்லஸ் போட்ட சட்டத்தின் நினைவாக, 1509-ல் வைத்த பொம்மைகள். கைதட்டல். கேமராக்கள். கூட்டம் கலையும்.

நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். கடிகாரம் காட்டாத கதை ஒன்று இருக்கிறது.

1349 வரை இந்தச் சதுக்கமே கிடையாது. இங்கே இருந்தது யூதர்களின் குடியிருப்பு. மாதா கோயில் நிற்கும் இடத்தில் யூதர்களின் ஜெப ஆலயம். ஐரோப்பா முழுக்க கொள்ளைநோய் பீதி. ‘யூதர்கள்தான் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள்’ என்ற வதந்தி. நகரத்துக்கோ ஊர் நடுவே பெரிய சந்தை வேண்டும். யூதர்களிடம் வாங்கிய கடனும் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லாவிட்டால் கடனும் இல்லை.

யூதர்களைக் காப்பாற்றவேண்டியவர் யார்? ராஜா. அதற்காகவே அவர்களிடம் வரி வாங்கியவர். சார்லஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆண்டு ஜூனிலேயே பிராண்டன்பர்க் பிரபுவுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். ‘அடுத்து நியூரம்பர்க்கில் யூதர்கள் கொல்லப்படும்போது, அவர்களுடைய வீடுகளில் சிறந்த மூன்று உமக்கு.’ ஆமாம், கொலைக்கு முன்பே பங்கு பிரித்தாகிவிட்டது. யூதர்களுக்கு ஏதாவது நடந்தால் நகர சபையைக் குற்றம் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தார். நவம்பர் 16 அன்று, வீடுகளை இடித்துச் சந்தை அமைக்கலாம், ஜெப ஆலயம் இருந்த இடத்தில் மாதா கோயில் கட்டலாம் என்று அனுமதி. டிசம்பர் 5 அன்று 562 பேர் கொல்லப்பட்டார்கள்.

யாரும் தண்டிக்கப்படவில்லை. ராஜாதான் முன்கூட்டியே மன்னித்துவிட்டாரே!

இன்றைக்கும் டிசம்பர் 5 அன்று இதே சதுக்கத்தில் நியூரம்பர்க்கின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சந்தை களைகட்டியிருக்கும்.

பழைய ராஜாக்களின் பெருமை ஒட்டிக்கொண்ட ஊர் என்பதால்தான் ஹிட்லருக்கும் நியூரம்பர்க் மேல் ஆசை. 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் நாஜி மாநாடு இங்கேதான். சந்தைச் சதுக்கத்துக்கு அடால்ஃப் ஹிட்லர் சதுக்கம் என்று பெயர் மாற்றம். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935 செப்டம்பரில் இந்த ஊரில்தான் அறிவிக்கப்பட்டன. 1945 ஜனவரி 2 இரவு நேசநாட்டு விமானங்கள் குண்டு மழை பொழிந்ததில் பழைய நகரம் தரைமட்டம். நீங்கள் இன்று பார்க்கும் ‘பழைய’ வீதிகளில் பெரும்பகுதி பிறகு கட்டி எழுப்பியவை.

ஆகவே, முதல் நாள் முடிவதற்குள் இன்னோர் இடத்துக்கும் போய்விடுங்கள். சதுக்கத்திலிருந்து மெட்ரோ ரயிலில் சில நிமிடங்கள்தான். நீதி மாளிகை, அறை எண் 600. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்களை விசாரித்த கூடம். 12 பேருக்குத் தூக்குத் தண்டனை. இப்போது அங்கே ஒரு நினைவகம் இருக்கிறது.

‘மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?’ என்று அங்கே பலர் வாதாடினார்கள். அது சாக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது தீர்ப்பு. ஜெயித்தவர்கள் நடத்திய வழக்குதானே என்று குறை சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ராஜாவின் ஒரு பத்திரம் கொலையை நியாயமாக்கிய அதே ஊரில், ஆட்சியில் இருப்பவன் கையெழுத்துப் போட்டாலும் கொலை கொலைதான் என்று எழுதி வைக்க 597 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கடிகாரத்தில் சார்லஸ் இன்னும் தினமும் கும்பிடு வாங்கிக்கொண்டிருக்கிறார். அறை எண் 600-ல் அவரை மாதிரி ஆட்களுக்குப் போட்டிருந்தது குற்றவாளிக் கூண்டு.