கொத்தவரங்காயும் எண்ணெய்க் கிணறும்

கொத்தவரங்காய்னு சொன்னதும் நமக்குப் பொரியல், பருப்பு உசிலி, வெயில்ல காயவெச்ச வத்தல், இதெல்லாம்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் சொல்லப்போறது அந்தக் காய்க்குள்ள இருக்கிற விதையோட கதை.

வட இந்தியாவில் இந்தச் செடிக்குப் பேர் குவார். உலகத்தோட குவார் விளைச்சலில் சுமார் 80 சதவீதம் இந்தியாவில். அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானின் மானாவாரி மணல் நிலங்களில். ஆழமாக வேர்விடும், குறைந்த மழையிலும் தாக்குப்பிடிக்கும், மண்ணில் நைட்ரஜனும் சேர்க்கும். ரொம்ப காலமாக அங்கே இது முக்கியமாக மாட்டுத் தீவனம்தான்.

இரண்டாம் உலகப் போர்தான் கதையை மாத்துச்சு. அமெரிக்கக் காகித ஆலைகள் மத்தியதரைக் கடல் பக்கம் வளரும் கரோப் மர விதையின் பசையை நம்பியிருந்தன. போரில் அந்த வரத்து நின்னுபோச்சு. மாற்றுத் தேடினவங்க கையில் கிடைச்சது குவார். அதன் விதைப் பருப்பை அரைத்த மாவைக் கொஞ்சம் போட்டாலே தண்ணீர் கெட்டியாகும். பிறகு ஐஸ்கிரீம், சாஸ், துணி அச்சு என எல்லாவற்றிலும் அது நுழைந்தது. ஐஸ்கிரீம் டப்பாவில் இ412-ன்னு போட்டிருந்தா, அது இதுதான்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவின் ஷேல் எண்ணெய். பாறையைப் பிளக்க தண்ணீரும் மணலும் அதிக அழுத்தத்தில் உள்ளே செலுத்துவாங்க. மணல் அடியில் தங்காமல் விரிசல் வரைக்கும் போய்ச்சேர, தண்ணீர் கெட்டியாக இருக்கணும். அதுக்குக் குவார் பசை! தேவை எகிற, ஊக வணிகமும் சேர்ந்துகொள்ள, சுமார் ஒரு வருஷத்தில் விதை விலை பல மடங்கானது. 2012 மார்ச்சில் அரசு முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தியது.

இங்கதான் நான் நிறுத்தி யோசிச்சேன். குவார் அறுவடை அக்டோபர், நவம்பரில். விலை உச்சம் மார்ச்சில். கடனை அடைக்க உடனே விற்றவருக்கு அந்த உச்சத்தில் பங்கில்லை. அதை நம்பி அடுத்த பருவம் நிறைய பேர் விதைச்சாங்க. எண்ணெய் நிறுவனங்கள் மாற்றுப் பொருள் தேட, விலை சரிந்தது. 2014-ல் கச்சா எண்ணெய் விலையும் விழ, இன்னும் அடி.

மழை பொய்த்தாலும் செடி தாங்கிடும். ஆனால் விதைத்தவர் இப்போ வானத்தோட சேர்த்து டெக்சாஸையும் பார்க்க வேண்டியிருக்கு.