கணியாகுளம்: தலையெழுத்தும் துரோகமும்

ரோமானிய அமைச்சர் போயத்தியஸின் மகன்கள் இருவரும் 522-ஆம் ஆண்டில் ஒருசேர ரோமின் கான்சல் பதவியில் அமர்ந்தார்கள். தகப்பனுக்கு அதைவிட என்ன பெருமை வேண்டும்? ஓரிரு ஆண்டுகளில் அவர்மேல் ராஜதுரோகப் பழி விழுந்தது. மன்னன் தியோடரிக் அவருக்கு மரண தண்டனை விதித்தான். சிறையிலிருந்து அவர் எழுதிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ நூலில் அதிர்ஷ்ட தேவி ஃபார்ச்சூனாவின் குரல் ஒலிக்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவதே தன் விளையாட்டு, ஏறச் சம்மதித்தவன் இறங்கும்போது முறையிடக் கூடாது என்கிறாள் அவள். பின்வந்த ஐரோப்பிய ஓவியர்கள் அந்தச் சக்கரத்தின் உச்சியில் ஓர் அரசனையும் அடியில் நசுங்கிக் கிடப்பவனையும் வரைந்து தீர்த்தார்கள்.

நாஞ்சில் நாட்டுக்கும் அப்படியொரு அமைச்சர் உண்டு: வேணாட்டின் இரவிக்குட்டிப் பிள்ளை. 1635-ஐ ஒட்டி, திருமலை நாயக்கரின் மதுரைப் படை இன்றைய நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் வேணாட்டோடு மோதியது. அந்தக் களத்தில் இரவிக்குட்டிப் பிள்ளை மாண்டார். வில்லும் உடுக்கையும் குடமும் முழங்க அவர் கதையை நம் ஊர்க்காரர்கள் பாடினார்கள்.

கதையில் என் மனம் நின்றுவிடும் இடம், புறப்பாடு. தாய் கெட்ட கனவு கண்டிருக்கிறாள். மனைவியும் கண்டிருக்கிறாள். போகாதே என்று இருவரும் மன்றாடுகிறார்கள். விதி வந்தால் எங்கே ஒளிந்தாலும் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புகிறார். முடங்கிக் கிடக்கச் சொல்லும் விதியன்று இது. கடமைக்குக் காலெடுத்து வைக்கச் சொல்லும் விதி. ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதினாரே, அந்தத் தெம்பு இந்த மனிதரிடம் இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விதி என்று சொல்லிப் பாட்டு யாரையும் தப்பவிடுவதில்லை. பொறாமை கொண்ட சக அமைச்சர்கள் சதி செய்து அவரைக் களத்தில் தனியே விட்டதை அது பகிரங்கமாகப் பாடுகிறது. வெட்டுண்ட தலை நாயக்கர் பாசறைக்குப் போகிறது. காளி நாயர் என்பவர் எதிரிக் கூடாரத்துக்கே போய் அதை மீட்டு வருகிறார். ஃபார்ச்சூனாவின் சக்கரத்தில் குற்றவாளிக்கு முகம் கிடையாது. நம் பாட்டுக்காரர்கள் முகத்தைக் காட்டிவிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே இந்தக் கதைப்பாடலை நான் போயத்தியஸின் நூலுக்குப் பக்கத்தில் வைப்பேன்.

இதைப் பாடத் தெரிந்த அண்ணாவி யாராவது உங்கள் ஊரில் இருந்தால், முழுவதையும் பாடச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள்.