ஒரு தரிப்பு தூரத்தில் ஆய்வுகூடம்: விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளும் வழிகாட்டிகளும்

வென்ட்வேர்த்வில் நிலையத்தில் சிட்னி நகரப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அடுத்த தரிப்பு வெஸ்ட்மீட். 1978 இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. 1995 இல் கம்பர்டவுனிலிருந்து இடம்மாறி வந்த சிறுவர் மருத்துவமனையும் அங்கேதான். அவற்றோடு வெஸ்ட்மீட் மருத்துவ ஆய்வு நிறுவனம், 1958 இல் தொடங்கிய சிறுவர் மருத்துவ ஆய்வு நிறுவனம் ஆகியவையும் நடை தூரத்தில் இருக்கின்றன. எங்களில் பலர் அந்த வளாகத்துக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறோம், நோயாளியைப் பார்க்கப் போயிருக்கிறோம், இரவில் துப்புரவு வேலைக்கும் போயிருக்கிறோம். பல்கலைக்கழக மாணவர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகூடங்களில் விடுமுறைக்காலப் பயிற்சி பெறலாம் என்பது மட்டும் எங்கள் மூத்த மகள் மூன்றாம் வருடத்தின் கடைசிக்கு வரும்வரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தபோது விண்ணப்ப முடிவுத் திகதி போய் மூன்று கிழமை ஆகியிருந்தது.

மகளின் புள்ளிகளில் குறை இல்லை. அவளோடு படித்த சில பிள்ளைகளின் தாய் தகப்பன் வைத்தியராகவோ விரிவுரையாளராகவோ இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்த தகவல் எங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்களும் அயலில் உள்ள சில குடும்பங்களும் கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டவற்றை மற்றப் பெற்றோருக்காக இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

என்னென்ன வாய்ப்புகள் உண்டு?

முதலாவது, கோடைகால ஆய்வுப் புலமைப்பரிசில். இந்நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான விடுமுறையில் இதை நடத்துகின்றன. மாணவர் ஆறு முதல் பத்துக் கிழமை வரை ஓர் ஆய்வாளரின் கீழ் சிறிய வேலைத்திட்டம் ஒன்றைச் செய்வார். அதற்கு ஓர் உதவித்தொகையும் உண்டு.

இரண்டாவது, தேசிய நிறுவனங்களின் திட்டங்கள். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் இளநிலை மாணவர்களுக்கு விடுமுறைப் புலமைப்பரிசில் வழங்குகிறது. சிட்னி மார்ஸ்ஃபீல்டில் உள்ள அதன் வளாகம் வானியலுக்குப் பெயர் பெற்றது. கணிதம், புள்ளிவிபரவியல் படிப்பவர்களுக்கு 'அம்சி' என்ற அவுஸ்திரேலியக் கணித அறிவியல் நிறுவனம் ஆறு கிழமைக் கோடைத் திட்டம் நடத்துகிறது. லூகாஸ் ஹைட்ஸ் அணு ஆய்வு நிலையத்தை நேரில் பார்த்துப் பழக, 1958 இல் தொடங்கிய 'ஐன்சே' அமைப்பு குளிர்காலப் பாடசாலை நடத்துகிறது. அதற்கு மாணவர் படிக்கும் பல்கலைக்கழகம் அந்த அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தவணைக் காலத்திலேயே செய்யும் பகுதிநேர ஆய்வு வேலை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1969 இல் 'யூரொப்' என்ற பெயரில் இளநிலை மாணவர்களை ஆய்வுகூடத்துக்குள் எடுக்கத் தொடங்கியது. பிறகு உலகின் பல இடங்களில் அதே பெயரில் திட்டங்கள் எழுந்தன. மெல்பேர்ணிலும் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து பல ஆண்டுகளாக அப்படியொன்றை நடத்திவந்தன. மாணவர் கிழமைக்கு ஏறக்குறைய ஒரு நாள் சம்பளத்துடன் வேலை செய்வார்.

நான்காவது, பாடத்தின் பகுதியாகவே வரும் பயிற்சி. மக்குவாரி பல்கலைக்கழகத்தின் 'பேஸ்' பாடங்கள் இந்த வகை. இதில் பட்டத்துக்கான புள்ளியும் கிடைக்கும், வெளியிடத்து அனுபவமும் கிடைக்கும்.

ஐந்தாவது, எங்களைப் போன்றவர்களுக்கென்றே உள்ளது. 'கரியர்சீக்கர்ஸ்' என்ற அமைப்பு அகதிகளாகவும் புகலிடம் கோரியும் வந்த மாணவர்களையும் தொழில் அனுபவம் உள்ளவர்களையும் நிறுவனங்களில் 12 கிழமைச் சம்பளப் பயிற்சியில் சேர்க்கிறது.

இவற்றுக்குப் பிறகு வருவது ஹொனர்ஸ் வருடம். கலாநிதிப் படிப்புக்குப் போக அதில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ தேவைப்படுவது வழமை. ஹொனர்ஸ் மாணவர் தன் மேற்பார்வையாளரைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். முன்பே ஒரு கோடைகாலம் ஆய்வுகூடத்தில் நின்ற பிள்ளைக்கு அந்தத் தேடல் பாதி முடிந்தது போலத்தான்.

வழிகாட்டி என்பவர் யார்?

இராமானுஜன் கதையை நாங்கள் எல்லோரும் பள்ளியில் படித்தோம். கணக்காளரின் கண்ணால் அதை இன்னொரு முறை பார்க்கலாம். 1912 மார்ச்சில் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். அவர் இராமானுஜனோடு இருந்து கணக்குப் பார்த்தார். கழகத் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தன் செல்வாக்கைக் கொடுத்தார். வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பேர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். 1913 ஜனவரி 16 திகதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியின் கைக்குப் போனது. அதற்கு முன் எழுதிய வேறு இரண்டு பேராசிரியர்களிடமிருந்து பயன் எதுவும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது.

இதில் நான்கு வேலையை நான்கு பேர் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்து பழக்கியவர் வழிகாட்டி. தன் பதவியால் கதவைத் திறந்தவர் ஆதரவாளர். எழுத்தில் உறுதி சொன்னவர் பரிந்துரையாளர். ஆய்வை நடத்தியவர் மேற்பார்வையாளர். எங்கள் பிள்ளைகள் இந்த நால்வரையும் ஒரே பேராசிரியரிடம் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். முதலில் தேவைப்படுவது பக்கத்தில் இருக்கும் அந்த ஒருவர்தான்.

எங்கள் மண்ணிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001) கேம்பிரிட்ஜ் சென்று, நோபல் பரிசு பெற்ற போல் டிராக்கிடம் பயின்றார். 1968 இல் மெல்பேர்ண் வந்து லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். அங்கே தமிழ்ச் சமூக வேலைகளிலும் முன்னின்றார்.

எங்கே தேடுவது, எப்படி எழுதுவது?

எங்கள் மகள் முதலில் முப்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினாள். ஒரு பதிலும் வரவில்லை. ஆய்வு மாணவி ஒருவர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "இதில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அவருடைய வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை."

அதன் பிறகு நாங்கள் பின்பற்றும் ஒழுங்கு இது. பேராசிரியரிடம் போவதற்கு முன் செய்முறை வகுப்பு எடுக்கும் கலாநிதி மாணவரோடு பேச வேண்டும். ஆய்வுகூடத்தில் ஆள் தேவையா என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். கடிதம் பத்து வரிக்குள் முடிய வேண்டும். யார், எந்த வருடம், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் எது புரியவில்லை அல்லது எது பிடித்தது, எனக்கு என்ன தெரியும், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வரமுடியும், இவ்வளவும் போதும். புள்ளிப் பட்டியலை இணைக்கலாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போகலாம். பெற்றோர் பிள்ளைக்காக எழுதவோ தொலைபேசி எடுக்கவோ கூடாது. அது பிள்ளைக்குக் கெடுதலாகத்தான் முடியும்.

காலக்கணக்கும் முக்கியம். கோடைத் திட்டங்களின் அறிவித்தல்கள் பெரும்பாலும் யூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் வருகின்றன. எனவே மார்ச்சிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். மருத்துவமனை வளாகம் என்றால் தடுப்பூசிப் பதிவும் பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். இடப்பெயர்வில் தடுப்பூசி அட்டையைத் தொலைத்த குடும்பங்கள் எங்களில் அதிகம். குடும்ப வைத்தியரிடம் போனால் இரத்தப் பரிசோதனையில் நோயெதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தருவார். இல்லாவிட்டால் ஊசியைத் திரும்பப் போட வேண்டும். அதற்கு மாதக்கணக்கு எடுக்கும்.

விசா

எல்லாவற்றிலும் கடினமான இடம் இதுதான். பல தேசியத் திட்டங்கள் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் கேட்கின்றன. 2023 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்கள் 851 என்ற நிரந்தர விசாவுக்கு மாற முடிந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கு ஹெக்ஸ் கடனும் இந்தத் திட்டங்களும் திறந்தன. 'விரைவு வழி' விசாரணையில் மறுக்கப்பட்டு இணைப்பு விசாவில் நிற்கும் குடும்பங்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவர்களின் பிள்ளைகள் இங்கேயே பள்ளி முடித்தாலும் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவராகவே கணக்கிடப்படுகிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞன் அப்படிப்பட்டவன். ஒரு பல்கலைக்கழகம் கட்டணத்தை விலக்கிக் கொடுத்ததால் இரசாயனம் படிக்கிறான். தேசியத் திட்டம் எதற்கும் விண்ணப்பிக்க முடியவில்லை. செய்முறை வகுப்பு ஆசிரியர் ஒருவர் அவனைத் தன் மேற்பார்வையாளரிடம் கூட்டிப்போனார். விசாவில் வேலை அனுமதி இருந்ததால் கண்ணாடிப் பாத்திரம் கழுவவும் கரைசல் தயாரிக்கவும் கிழமைக்குச் சில மணித்தியாலம் வேலை கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அவன் சொந்தமாகப் பரிசோதனை நடத்துகிறான். அடுத்த வருடம் ஹொனர்ஸுக்கு வா என்று கேட்டிருக்கிறார்கள். விசா முடிவு இன்னும் வரவில்லை. அவனுடைய தாய் எங்களைக் காணும்போதெல்லாம், "படிப்பு முடியும், கடிதம் வருமா?" என்று கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை. இணைப்பு விசாவில் உள்ளவர்கள் வேலை, படிப்பு அனுமதியை விசாக் கடிதத்தில் பார்த்து, குடிவரவுச் சட்டத்தரணியிடம் உறுதிப்படுத்திய பிறகே எதிலும் சேர வேண்டும்.

பணக் கணக்கு

இது எங்கள் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். முழுநேர மாணவருக்குக் கல்விக்காகத் தரப்படும் புலமைப்பரிசிலுக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. தருபவருக்கு வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தால் அந்த விலக்கு கிடைக்காது. ஆகவே வழங்கல் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். சம்பளமாக வந்தால் அது வருமானம். வருடத்துக்கு 18,200 டொலர் வரை வரி இல்லை. இரண்டு இடத்தில் வேலை செய்தால் அந்த விலக்கை ஓரிடத்தில் மட்டும் கோர வேண்டும். சம்பளத்தோடு ஓய்வூதிய நிதியும் சேர வேண்டும். 2025 யூலை 1 முதல் அது 12 சதவீதம். சென்டர்லிங்க் உதவி பெறுபவர்கள் எந்தப் பணம் வந்தாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது.

சம்பளமில்லாப் பயிற்சியில் கவனம் தேவை. 2009 ஆம் ஆண்டின் நியாய வேலைச் சட்டப்படி, பாடத்திட்டம் கட்டாயமாகக் கேட்கும் பயிற்சிக்குச் சம்பளம் கொடுக்காமல் விடலாம். பாடத்தோடு தொடர்பில்லாமல், "அனுபவம் கிடைக்கும்" என்று சொல்லி ஊழியர் செய்யும் வேலையையே வாங்கினால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் நன்றிக் கடனாக நினைத்து வாய் திறப்பதில்லை.

கோடைகாலத்தில் கடையில் நின்றால் கூடக் காசு வரும் என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அது உண்மைதான், வாடகை கட்ட வேண்டிய வீட்டில் அந்தக் காசு சிறியது அல்ல. ஆனால் கடை வேலை அடுத்த கோடையிலும் இருக்கும். ஆய்வு வாய்ப்புக்கு இரண்டாம், மூன்றாம் வருடக் கோடைகள் மட்டுமே உண்டு. முடிந்தால் அந்த இரண்டில் ஒன்றையாவது பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள்.

எங்களால் என்ன செய்ய முடியும்?

வணிகப் பட்டத்தோடு இந்நாட்டுக்கு வந்தபோது இங்கே அதற்கு மதிப்பு இருக்கவில்லை. பகலில் வகுப்பு, இரவில் அலுவலகங்கள் கூட்டித் துடைப்பது என்று காலம் போனது. பெண்டில் ஹில்லில் வரிக் கணக்குப் பார்த்த எங்கள் ஊர் அண்ணன் ஒருவர், ஒரு வரிக் காலம் முழுவதும் தன் மேசையின் ஓரத்தில் இடம் கொடுத்தார். இந்நாட்டுப் படிவங்களை எழுதப் பழகியது அங்கேதான். பிறகு தேர்வுகள் எழுதினோம், தொழிலுக்குத் திரும்பினோம். அந்த மேசை ஓரம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் நடந்திராது.

இன்று எங்கள் பிள்ளைகளில் ஆய்வுகூடத்திலும் மருத்துவமனையிலும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கோவிலிலும் தமிழ்ப் பாடசாலையிலும் அவர்களை வாரம்தோறும் காண்கிறோம். "உங்கட வேலை என்ன?" என்று கேட்டு, "எங்கட பிள்ளையோட அரை மணித்தியாலம் கதைக்க ஏலுமோ?" என்று சேர்த்துக் கேட்கத் தயங்க வேண்டாம். அவர்களும் ஒரு கடிதத்தைத் திருத்திக் கொடுக்கவோ ஓர் ஆய்வுகூடத்தைச் சுற்றிக் காட்டவோ ஒரு மாலையை ஒதுக்கலாம்.

எங்கள் மூத்தவள் அடுத்த வருடம் மார்ச்சிலேயே தொடங்கினாள். திருத்திய கடிதம் ஐந்து பேருக்குப் போனது, இருவர் பதில் எழுதினார்கள், ஒருவர் இடம் கொடுத்தார். இப்போது இளையவள் முதலாம் வருடம். தங்கைக்கான முடிவுத் திகதிகளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியவள் மூத்தவள்தான்.