சுடுகிற நிலமும் குளிர்கிற நிலமும்

சண்டிலிப்பாயில் ஒருவர் வீட்டு நிலத்துக்குக் கீழே சூடு போடப்போகிறேன் என்றால் ஊரே சிரிக்கும். மார்கழி, தை விடியலில்கூட யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நிலத்துக்குக் கீழே சூடு என்றால் எங்களுக்குத் தெரிந்தது வாழைக்குலை பழுக்கவைக்கிற புகைக்கிடங்குதான். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து நோர்வேக்கும் சுவிசுக்கும் போன சனத்துக்குச் சூடான நிலம் அன்றாட விஷயம். அங்கே குளியலறை நிலத்துக்குள் மின்கம்பி ஓடும், புதிய தொடர்மாடிகளில் சுடுநீர்க் குழாய் ஓடும்.

இது புது வசதி இல்லை. உரோமர்கள் தரையைச் சின்னச் சின்னத் தூண்களில் உயர்த்தி, கீழிருந்த வெற்றிடத்தில் அடுப்பின் சூடான காற்றை ஓடவிட்டார்கள். இதற்குப் பெயர் ஹைப்போகோஸ்ட். விட்ருவியஸ் கி.மு. முதலாம் நூற்றாண்டில் எழுதிய கட்டடக்கலை நூலில் இதைக் கட்டும் விதத்தை விளக்குகிறார். நிறைய விறகும், அதை எரிக்க அடிமைகளும் வேண்டும். அதனால் பொதுக் குளியல் மண்டபங்களுக்கும் பணக்காரர் வீடுகளுக்குமே இது கிடைத்தது.

கொரியாவின் ஒன்டோல் அப்படியில்லை, அது சாதாரண வீட்டுக்குள்ளும் இருந்தது. சமையல் அடுப்பின் புகை பக்கத்து அறையின் கற்பலகைகளுக்குக் கீழே ஓடி, மறுகரைப் புகைபோக்கியால் வெளியேறும். ஒரே விறகில் சோறும் வெந்தது, படுக்கிற நிலமும் சூடானது. அடுப்புக்குக் கிட்டிய இடம்தான் நல்ல சூடு, அது வீட்டுப் பெரியவருக்கும் விருந்தாளிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது, நிலத்திலேயே இருப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் எங்களைப் போலத்தான். 2018இல் தென்கொரியா ஒன்டோல் பண்பாட்டைத் தேசிய மரபாக அறிவித்தது. காஷ்மீரிலும் கற்பலகைக்குக் கீழே விறகு எரித்துச் சூடேற்றும் ஹமாம் அறைகள் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் இருக்கின்றன.

ஜப்பானில் கொரிய முறையில் கட்டிய ஓர் அறையில் இந்தச் சூட்டை உணர்ந்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைட். 1937இல் விஸ்கொன்சினில் முடிந்த ஜேக்கப்ஸ் வீட்டில், கொங்கிறீற் நிலத்துக்குக் கீழே குழாய் பதித்துச் சூடேற்றினார். இன்றைக்கு வீடுகளில் முக்கியமாக இரண்டு வகை. நீர்க்குழாய் முறையைப் பதிக்கச் செலவு கூட. ஆனால் 30, 40 பாகைத் தண்ணீரே போதும் என்பதால் ஓடும் செலவு குறைவு. மின்கம்பி மெல்லியது, பழைய குளியலறையைத் திருத்தும்போதுகூடப் பதிக்கலாம். அதன் செலவு பிறகு மின் கட்டணத்தில் தெரியும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். கல்லும் கொங்கிறீற்றும் சூட்டை மெதுவாக வாங்கி, மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும்.

எங்கட ஆட்கள் இதே விதியை மறுபக்கமாகப் பயன்படுத்தினார்கள். சாணத்தால் மெழுகிய மண்நிலம் கீழிருக்கும் மண்ணின் குளிர்ச்சியோடு ஒட்டியே இருக்கும். அதில் பாயைப் போட்டுப் படுத்தால் உடம்புச் சூடு நிலத்துக்கு இறங்கும். மேலே கிடுகோ பனையோலையோ வேய்ந்த கூரை. அதில் கனமில்லை, அதனால் அது சூட்டைச் சேர்த்துவைக்காது, பொழுதுபட்டதும் ஆறிவிடும். நடுவில் முற்றம், முன்னால் திண்ணை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. மண்நிலம் இருந்த இடங்களுக்குச் சீமெந்து நிலம் வந்தது. பளபளவென்று தேய்த்த சிவப்பு நிலம் வீட்டுக்குப் பெருமை. அப்போதும் நிலம் குளிர்ந்துதான் இருந்தது, கூரை ஓடாகத்தான் இருந்தது.

பிறகு கூரையும் கொங்கிறீற் ஆனது. போருக்குப் பின் வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடி வீடுகளைப் பாருங்கள். கீழே மினுங்கும் ரைல்ஸ், மேலே நிழலே இல்லாத தட்டைக் கொங்கிறீற். பகல் முழுக்க வெயிலை வாங்கி, இரவு பத்து மணிக்கும் அதைக் கட்டிலில் கிடப்பவர் மேல் இறக்குகிறது. இது தலைகீழாக வைத்த ஒன்டோல். அடுப்பு சூரியன், விறகுக்குக் காசில்லை, அணைக்கவும் முடியாது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுழற்றுகிறது. பிள்ளைகள் காசனுப்பிக் கட்டிய வீட்டில் தனியே இருக்கிற அம்மாவும் அப்பாவும் கடைசியில் ஏசி பூட்டுகிறார்கள், அதன் பில்லும் பிள்ளைகளுக்கே போகிறது.

குளிர்நாட்டுக் குழாயை எங்களுக்கு ஏற்ற மாதிரித் திருப்பவும் முடியும். ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் 2011இல் ஒரு கட்டடத்தின் பாதியைக் கொங்கிறீற்றுக்குள் ஓடும் குளிர்நீராலும் மறுபாதியை வழக்கமான ஏசியாலும் குளிர்வித்துப் பார்த்தது. குளிர்நீர்ப் பாதிக்கு மூன்றிலொரு பங்குக்கு மேல் மின்சாரம் மிச்சம். ஆனால் கடற்காற்றில் ஈரம் நிறைந்த யாழ்ப்பாணத்தில் குளிர்ந்த பரப்பில் தண்ணீர் வியர்க்கும், ஈரத்தை உறிஞ்ச வேறு ஏற்பாடும் வேண்டும். எங்களுக்கு அதைவிட மலிவான வழிகள் இருக்கின்றன: கொங்கிறீற்றுக்கு மேல் இடைவெளி விட்டு ஓட்டுக் கூரை, அகன்ற விறாந்தை, மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்பு.

வெளிநாட்டிலிருந்து அடுத்த வீட்டுப் படம் வரும்போது ரைல்சின் நிறத்தைக் கேட்க முதல் இதைக் கேளுங்கள்: பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இந்தக் கூரையின் சூடு எங்கே போகும்?